கர்ப்ப காலத்தில் வீட்டுப் பூனை: ஆபத்து எந்த வழியில் வருகிறது?

வீட்டில் ஒரு பெண் கருவுற்றிருப்பது உறுதியானதும், அங்கே பூனை வளர்ந்தால், அதை என்ன செய்வது என்ற பேச்சும் கூடவே எழுந்துவிடுகிறது. பூனை முடி வயிற்றுக்குள் போய்விடும், கரு தங்காது, பிறக்கும் குழந்தைக்கு இழுப்பு வரும் என்பவை மூத்தவர்கள் சொல்லும் காரணங்கள். பூனையால் ஏதோ கிருமி பரவுமாம் என்பது கைப்பேசியில் படித்துவிட்டு இளையவர்கள் சொல்லும் காரணம். இரண்டும் ஒரே முடிவில்தான் வந்து சேர்கின்றன. ஒன்று, பூனையைச் சாக்கில் போட்டுக்கொண்டுபோய் மீன் சந்தைப் பக்கம் விட்டுவிடுவார்கள். அல்லது வீட்டுக்குள் வராதபடி கதவை அடைத்துக்கொண்டு, மனம் கேட்காமல் கொல்லைப்புறத்தில் கொஞ்சம் சோறு வைப்பார்கள். முதலாவது சட்டப்படியே குற்றமாகலாம். வளர்ப்பு விலங்கைப் பசியும் தாகமும் வாட்டும் நிலையில் கைவிடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வதை என்றே வகைப்படுத்துகிறது. இரண்டாவது குற்றமல்ல. ஆனால் எந்த ஆபத்துக்கு அஞ்சி அதைச் செய்கிறார்களோ அந்த ஆபத்தை அது பெரும்பாலும் கூட்டவே செய்கிறது. ஏன் என்பது அந்தக் கிருமியின் வாழ்க்கைச் சுற்றைப் பார்த்தால் விளங்கும்.

அந்தக் கிருமியின் பெயர் டாக்சோபிளாஸ்மா கோண்டி. ஒற்றைச் செல் ஒட்டுண்ணியான இதை 1908இல் துனிஸ் நகரில் சார்ல் நிக்கோலும் லூயி மான்சோவும் ஒரு கொறிவிலங்கின் உடலில் கண்டார்கள். அதே ஆண்டில் பிரேசிலின் சாவ் பாவ்லோவில் அல்ஃபோன்சோ ஸ்ப்ளெண்டோர் முயலில் கண்டார். தாயிடமிருந்து கருவுக்கு இது பரவும் என்பது 1930களின் இறுதியில் நியூயார்க்கில் பிறந்த ஒரு குழந்தையின் மூலம் உறுதியானது. வேகாத இறைச்சியின் வழியே தொற்றுகிறது என்ற ஐயத்தைப் பாரிஸின் ஒரு குழந்தைகள் காசநோய் மருத்துவமனையில் நடந்து 1965இல் வெளியான ஆய்வு மெய்ப்பித்தது. அரைவேக்காட்டு ஆட்டிறைச்சி கொடுக்கப்பட்ட குழந்தைகளிடையே தொற்று விரைவாகப் பெருகியிருந்தது. ஆனால் இறைச்சி மட்டுமே காரணம் என்று வைத்துக்கொண்டால் விடை தெரியாத ஒரு கேள்வி இந்தியாவிலிருந்து எழுந்தது. 1959இல் பம்பாயில் சைவர்களின் இரத்தத்தையும் அசைவர்களின் இரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது, இரு சாராரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் தொற்றின் தடயம் காணப்பட்டது. இறைச்சியே தொடாதவருக்கு இது எங்கிருந்து வந்தது? 1965இல் கிளாஸ்கோவில் ஹட்சிசன் என்ற ஆய்வாளர், தொற்று பூனையின் மலத்தின் வழியே பரவுவதைக் காட்டினார். 1970 வாக்கில் ஒட்டுண்ணியின் முழு வாழ்க்கைச் சுற்றும் தெளிவானது. அதைத் தெளிவாக்கியவர்களில் ஒருவர் இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய கால்நடை அறிவியலாளர் ஜே. பி. துபே.

வெப்ப இரத்தம் கொண்ட எந்த விலங்கையும் பறவையையும் இந்த ஒட்டுண்ணி தொற்ற முடியும். ஆடு, கோழி, எலி, மனிதர் என யார் உடலில் புகுந்தாலும், தசையிலும் மூளையிலும் நுண்ணிய பைகளாக ஒடுங்கிக் கிடக்கும். ஆனால் அது பாலினப் பெருக்கம் செய்து நுண்முட்டைகளை உண்டாக்குவது பூனைக் குடும்பத்து விலங்குகளின் குடலில் மட்டுமே. தொற்றுள்ள எலியையோ பறவையையோ பச்சை இறைச்சியையோ முதன்முறையாகத் தின்னும் பூனை, சில நாள்களில் தன் மலத்தில் இலட்சக்கணக்கான நுண்முட்டைகளை வெளியேற்றத் தொடங்குகிறது. இந்த வெளியேற்றம் ஒன்று முதல் மூன்று வாரங்களில் நின்றுவிடும். அதற்குள் பூனையின் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாகிவிடுவதால், பெரும்பாலான பூனைகள் தம் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இப்படி முட்டைகளை வெளியேற்றுகின்றன. கணக்கெடுத்துப் பார்த்த இடங்களில், ஏதேனும் ஒரு நாளில் நுண்முட்டைகளை வெளியேற்றிக்கொண்டிருக்கும் பூனைகள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலேயே இருக்கின்றன.

இன்னொரு செய்தி இதைவிடவும் முக்கியமானது, ஆனால் குறைவாகவே பேசப்படுவது. மலத்தோடு வெளியே வந்தவுடன் அந்த முட்டைகளால் யாரையும் தொற்ற முடியாது. காற்றும் ஈரமும் வெப்பமும் கிடைத்து, ஒரு நாள் முதல் ஐந்து நாள்களில் அவை முதிர்ந்த பிறகே தொற்றும் ஆற்றல் பெறுகின்றன. முதிர்ந்துவிட்டாலோ அவற்றை ஒழிப்பது கடினம்: ஈர மண்ணில் ஓராண்டுக்கு மேலும் உயிரோடு இருக்கும், பிளீச்சிங் பவுடரோ வீட்டில் தரை துடைக்கும் கிருமிநாசினியோ அவற்றை ஒன்றும் செய்வதில்லை, குடிநீரில் கலக்கும் குளோரினுக்கும் அவை மடிவதில்லை. கொதிக்கும் நீருக்கு மட்டும் தப்புவதில்லை.

இந்த இரண்டு பண்புகளையும் சேர்த்துப் பார்த்தால் மடியில் படுத்திருக்கும் பூனைக்கும் தோட்டத்து மண்ணுக்கும் உள்ள வேறுபாடு புலப்படும். பூனை தன் உடலை ஓயாமல் நக்கிச் சுத்தம் செய்யும் விலங்கு. முட்டைகள் முதிரும் அளவுக்கு மலம் அதன் உடலில் தங்குவதில்லை. ஆகவே பூனையைத் தடவுவதாலோ அது பக்கத்தில் வந்து உறங்குவதாலோ அதன் முடி உடையில் ஒட்டுவதாலோ டாக்சோபிளாஸ்மா தொற்றுவதில்லை. முடி கருப்பைக்குள் போவதற்கு வழியே இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. இழுப்பு நோய் உள்ள பெண்ணுக்குப் பூனையின் உமிழ்நீரிலும் தோலிலும் உள்ள புரதம் ஒவ்வாமையைத் தூண்டலாம் என்பது உண்மை. அது வேறு சிக்கல், அதற்கு மருத்துவமும் வேறு.

அப்படியானால் அஞ்ச வேண்டியது எந்தப் பூனைக்கு? குட்டியிலிருந்து வீட்டுக்குள்ளேயே வளர்ந்து, கடையில் விற்கும் உலர்தீனியோ வேகவைத்த உணவோ மட்டும் தின்று, எலி பிடிக்கும் வாய்ப்பே இல்லாத பூனைக்குத் தொற்று வரும் வழி மிகக் குறைவு. தெருவில் பல ஆண்டுகள் வேட்டையாடித் திரிந்த முதிய பூனைக்குத் தொற்று எப்போதோ வந்து போயிருக்கும். அதுவும் இப்போது முட்டைகளை வெளியேற்றிக்கொண்டிருக்க வாய்ப்புக் குறைவு. ஆபத்து மிகுந்த கட்டம், இதுவரை தொற்றே படாத பூனை முதன்முதலாக வேட்டையாடத் தொடங்கும் சில வாரங்கள். வீட்டுக்குள் சோறும் மீனும் தின்று வளர்ந்த பூனையைக் கர்ப்பத்தின் பெயரால் கொல்லைப்புறத்துக்குத் தள்ளும்போது, நாமே அதை அந்தக் கட்டத்துக்குள் தள்ளுகிறோம். பசித்த பூனை எலியைப் பிடிக்கும், தொற்றைப் பெறும், பிறகு அதே வீட்டுச் செடிப் பாத்தியிலோ வாசலில் கொட்டிக் கிடக்கும் கட்டுமான மணலிலோ மலம் கழித்து மூடிவைக்கும். மலத்தொட்டியில் விழுந்து மறுநாள் குப்பைக்குப் போயிருக்க வேண்டியது, யார் கண்ணிலும் படாமல் மண்ணுக்குள் முதிரும்.

பூனைக்கு இரத்தப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று சிலர் கால்நடை மருத்துவரைக் கேட்கிறார்கள். அதன் முடிவைப் பெரும்பாலோர் தலைகீழாகப் படிக்கிறார்கள். கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இரத்தத்தில் இருக்கிறது என்று வந்தால், அந்தப் பூனை தொற்றைக் கடந்து முட்டை வெளியேற்றத்தையும் பெரும்பாலும் முடித்துவிட்டது என்று பொருள். இல்லை என்று வந்தால் இனிமேல் தொற்றக்கூடும் என்று பொருள். இரண்டு நிலையிலும் செய்ய வேண்டிய சுகாதாரம் ஒன்றுதான் என்பதால், அந்தப் பரிசோதனைக்குச் செலவிடும் பணம் வீண் என்றே தோன்றுகிறது.

கருவுற்ற பெண்களுக்கு உண்மையில் எந்த வழியாகத் தொற்று வருகிறது என்பதை ஆராய்ந்த ஐரோப்பிய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. நேப்பிள்ஸ், மிலான், லோசான், கோபன்ஹேகன், ஆஸ்லோ, பிரசல்ஸ் ஆகிய ஆறு நகரங்களில், கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்று ஏற்பட்ட 252 பெண்களையும் தொற்றாத 858 பெண்களையும் அது ஒப்பிட்டது. 30 முதல் 63 சதவீதத் தொற்றுகளுக்குச் சரியாக வேகாத இறைச்சியும், 6 முதல் 17 சதவீதத் தொற்றுகளுக்கு மண்ணைத் தொடுவதும் காரணம் என்று கணிக்கப்பட்டது. வீட்டில் பூனை வளர்ப்பது தனியான ஆபத்தாக வெளிப்படவில்லை.

இந்த ஆய்வின் முடிவை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பொருத்துவது சரியாகாது. நம் சமையலில் ஆட்டுக்கறியும் கோழியும் குழம்பில் நெடுநேரம் கொதிக்கின்றன. உள்ளே சிவந்திருக்கும் இறைச்சித் துண்டை விரும்பி உண்பவர் இங்கே குறைவு. ஆனால் தொற்று மட்டும் குறைவாக இல்லை. கருத்தரிக்கும் வயதுப் பெண்களிடம் நாட்டின் பல பகுதிகளில் எடுத்த இரத்த மாதிரிகளைச் சோதித்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, தொற்றின் தடயம் மேற்கு இந்தியாவில் சுமார் 9 சதவீதத்தினரிடமும் தென்னிந்தியாவில் சுமார் 37 சதவீதத்தினரிடமும் இருந்ததாகக் கூறியது. அசைவ உணவுப் பழக்கத்தை மட்டும் கொண்டு இந்த இடைவெளியை விளக்க முடியாது. ஈரப்பதம் மிகுந்த மண்ணில் நுண்முட்டைகள் நீண்ட நாள் பிழைத்திருக்கும் என்பதையும், பம்பாய்ச் சைவர்களிடம் கிடைத்த பழைய முடிவையும் சேர்த்துப் பார்த்தால், இங்கே மண்ணும் நீரும் பச்சைக் காய்கறியுமே பெரிய வழிகள் என்று கருதுவதற்கு இடமிருக்கிறது.

நீரைப் பற்றிச் சொல்லும்போது கோயம்புத்தூரைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில், கண்ணின் விழித்திரையில் புதிதாக டாக்சோபிளாஸ்மா அழற்சி ஏற்பட்டவர்கள் அந்நகரின் அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வழக்கத்துக்கு மாறான எண்ணிக்கையில் வரத் தொடங்கினார்கள். 248 நோயாளிகளைப் பற்றிய விவரம் பின்னர் மருத்துவ இதழில் வெளியானது. ஊரில் அத்தனை பேர் ஒரே நேரத்தில் வேகாத இறைச்சி உண்டிருக்க முடியாது. குடிநீர் மாசுபட்டதே காரணமாக இருக்க வேண்டும் என மருத்துவர்கள் ஐயுற்றார்கள். வெளிநாடுகளில் இதற்கு முன்னுதாரணங்களும் இருந்தன. கனடாவின் விக்டோரியா நகரில் 1995இல் ஏற்பட்ட பரவல் நகரின் குடிநீர்த் தேக்கத்தோடு தொடர்புபடுத்தப்பட்டது. பிரேசிலின் சாந்தா இசபெல் தோ இவாயி என்ற சிற்றூரில் 2001–2002இல் ஏற்பட்ட பரவல், பூனை நடமாட்டம் இருந்த ஒரு நீர்த்தேக்கத் தொட்டியோடு தொடர்புபடுத்தப்பட்டது. நம் மொட்டைமாடிகளில் மூடி உடைந்தும் மூடியே இல்லாமலும் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகளை எண்ணிப் பார்த்தால், கவலைப்பட வேண்டிய இடம் எது என்பது தெரியும்.

தொற்று ஏற்பட்டால் என்ன ஆகும் என்பதில் காலம் முக்கியம். கர்ப்பத்துக்கு முன்பே, ஆறு மாதமோ ஆறு ஆண்டோ கழிந்த பழைய தொற்று என்றால், தாயின் எதிர்ப்பாற்றல் கருவைக் காக்கும். நோயெதிர்ப்பு பெரிதும் குன்றியவர்கள் மட்டுமே இதற்கு விதிவிலக்கு. கர்ப்ப காலத்தில் முதன்முறையாகத் தொற்றினால்தான் சிக்கல். பிரான்சின் லியோன் நகரில் கர்ப்பத்தின்போது தொற்றுக்கு ஆளான 603 பெண்களைப் பின்தொடர்ந்து 1999இல் வெளியிடப்பட்ட ஆய்வு, 13ஆம் வாரத்தில் தொற்றினால் கருவுக்குப் பரவும் வாய்ப்பு 6 சதவீதம், 36ஆம் வாரத்தில் 72 சதவீதம் என்று கண்டது. பாதிப்பின் கடுமையோ எதிர்த்திசையில் செல்கிறது. தொடக்க மாதங்களில் பரவுவது அரிது, பரவினால் கருச்சிதைவோ மூளையில் நீர் கோத்தலோ மூளையில் சுண்ணாம்புப் படிவோ ஏற்படலாம். கடைசி மாதங்களில் பரவுவது மிகுதி, ஆனால் குழந்தை பெரும்பாலும் நலமாகத் தோன்றிப் பிறந்து, கண்ணின் விழித்திரைப் பாதிப்பு சில ஆண்டுகள் கழித்து வெளிப்படலாம். தாய்க்கோ பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. இருந்தால் சிறு காய்ச்சலும் கழுத்தில் நெறிகட்டுதலும் இருக்கும்.

அறிகுறி இல்லாத நோய் என்பதால் பரிசோதனையின் மீது எல்லாப் பாரமும் விழுகிறது. ஆஸ்திரியா 1975 முதலும் பிரான்ஸ் 1978 முதலும் பெண்களைப் பரவலாகச் சோதித்து வருகின்றன. பிரான்சில் தொற்று இல்லாத கர்ப்பிணிக்கு மாதந்தோறும் சோதனை நடக்கிறது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் எல்லோருக்கும் சோதனை என்ற முறை இல்லை. நம் ஊரில் கொள்கை ஒன்றும் இல்லாமலே, ஒரு முறை கரு கலைந்துவிட்டாலும், டாக்சோபிளாஸ்மா உட்படக் கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளை ஒருசேரத் தேடும் 'டார்ச்' இரத்தப் பரிசோதனை எழுதித் தரும் வழக்கம் வேரூன்றிவிட்டது. தொடர் கருச்சிதைவுக்குக் காரணம் தேடும்போது இந்தச் சோதனையால் பயனில்லை என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. முடிவுத்தாளில், தொற்றுக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கும் எதிர்ப்பொருளான ஐஜிஜி 'பாசிட்டிவ்' என்று இருப்பதைக் கண்டு அழுதுவிட்டுப் பூனையை விரட்டும் பெண்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லாத உண்மை, ஐஜிஜி மட்டும் இருந்து, புதிய தொற்றில் முதலில் தோன்றும் எதிர்ப்பொருளான ஐஜிஎம் இல்லாமல் இருப்பதே நல்ல நிலை, அது பழைய தொற்றும் இப்போதைய காப்பும் என்பதுதான். இரண்டும் இல்லாதவரே கவனமாக இருக்க வேண்டியவர். ஐஜிஎம் இருந்தாலும் உடனே முடிவுக்கு வந்துவிட முடியாது. அது தொற்றுக்குப் பின் பல மாதங்கள், சிலரிடம் ஆண்டுக்கணக்கிலும், நீடிக்கும், தவறாகவும் காட்டும். ஐஜிஎம் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்கக் கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997இலேயே மருத்துவர்களை எச்சரித்தது. அப்போது தேவைப்படுவது, ஐஜிஜி கிருமியை எவ்வளவு இறுக்கமாகப் பற்றுகிறது என்று அளக்கும் 'அவிடிட்டி' எனப்படும் அடுத்த கட்டச் சோதனை. முதல் நான்கு மாதங்களுக்குள் எடுத்த இரத்தத்தில் அது உயர்வாக இருந்தால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தையது என்று பெரும்பாலும் உறுதி கொள்ளலாம். புதிய தொற்று என்றே தெரிந்தாலும் வழி அடைபடவில்லை: தொடக்கத்தில் ஸ்பைராமைசினும், கருவுக்குப் பரவியது உறுதியானால் 18ஆம் வாரத்துக்குப் பின் பைரிமெத்தமின் உள்ளிட்ட மருந்துகளும் தரப்படுகின்றன. கருவுக்குப் பரவியதா என்பதைப் பனிக்குட நீரைச் சோதித்து அறியலாம்.

இனி அன்றாட நடைமுறை. பூனைக்கு மலத்தொட்டி வைத்திருக்கும் வீட்டில், அதை நாள்தோறும் ஒரு முறை தவறாமல் சுத்தம் செய்வது மற்ற எல்லா எச்சரிக்கைகளையும்விட மேலானது. முட்டைகள் முதிர்வதற்குக் குறைந்தது ஒரு நாளாவது வேண்டும் என்பதால், அதற்கு முன் மலம் அப்புறப்படுத்தப்பட்டால் ஆபத்து அங்கேயே முடிகிறது. அந்த வேலையைக் கணவரோ வீட்டில் வேறு ஒருவரோ செய்வது நல்லது. தனியாக இருக்கும் பெண் தானே செய்ய நேர்ந்தால் கையுறை போட்டுக்கொண்டு செய்து, பிறகு சோப்பால் கை கழுவினால் போதும். தொட்டியைக் கழுவும்போது கொதிக்கக் கொதிக்க வெந்நீரை ஊற்ற வேண்டும். ஃபினாயிலை நம்பக் கூடாது. அள்ளிய மணலையும் மலத்தையும் பையில் கட்டிக் குப்பைக்கு அனுப்ப வேண்டுமே தவிர, செடிக்கு உரமாகும் என்று தொட்டிச் செடியில் போடக் கூடாது. கறிக்கடையிலிருந்து வாங்கிவரும் கோழிக் கழிவை வேகவைத்தே பூனைக்கு வைக்க வேண்டும். பிறந்தகத்துக்குப் போகும் பெண் பூனையை யாரிடம் விட்டுச்செல்கிறாளோ அவரிடமும் இதைச் சொல்லிவைக்க வேண்டும், குழந்தையோடு அவள் திரும்பிவருவதும் அதே வீட்டுக்குத்தான். புதிய குட்டியையோ தெருவில் கண்டெடுத்த பூனையையோ வீட்டுக்குள் கொண்டுவருவதை மட்டும் பேறு முடியும்வரை தள்ளிவைக்கலாம்.

பூனையே இல்லாத வீட்டுக்கும் பொருந்தும் எச்சரிக்கைகள் சமையலறையில் இருக்கின்றன. கொத்தமல்லி, புதினா, கீரை, கேரட், வெள்ளரி ஆகியவற்றை ஓடும் நீரில் மண் போகக் கழுவ வேண்டும். பச்சையாக உண்பவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். குழாய் நீரைக் காய்ச்சியே குடிக்க வேண்டும், மேல்நிலைத் தொட்டிக்கு மூடி இருக்க வேண்டும். காய்ச்சாத ஆட்டுப்பாலைத் தவிர்க்க வேண்டும். பச்சைக் கறி நறுக்கிய பலகையையும் கத்தியையும் கழுவாமல் அதிலேயே வெங்காயம் நறுக்குவதும், பாதி வெந்த கறியை எடுத்து உப்புப் பார்ப்பதும் நம் வீடுகளில் சாதாரணம். இறைச்சியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடும் பழக்கம் எவ்வளவுதான் பாதுகாப்பானதாக இருந்தாலும், இந்த இரண்டும் அதைக் கெடுத்துவிடும். முழுத் துண்டு இறைச்சியின் உட்புறம் 63 டிகிரி செல்சியஸும், கொத்துக்கறி 71 டிகிரியும், கோழி 74 டிகிரியும் எட்ட வேண்டும் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோல். கொதிக்கும் குழம்பு இவற்றை எளிதில் தாண்டிவிடும், கடையில் அவசரத்தில் சுட்டுத்தரும் கபாப் தாண்டுமா என்பது ஐயமே.

மண்ணைப் பற்றிய அறிவுரை எளிதாகச் சொல்லக்கூடியது, எல்லோராலும் பின்பற்ற முடியாதது. மாடித்தோட்டம் வைத்திருப்பவர் கையுறை போடலாம், கட்டுமான மணல் குவியலைத் தார்ப்பாய் கொண்டு மூடலாம். களையெடுக்கும் பெண்ணும், நூறு நாள் வேலையில் மண் சுமக்கும் பெண்ணும், சித்தாள் வேலை செய்யும் பெண்ணும் கர்ப்பத்தின் பாதிக் காலத்தை மண்ணோடுதான் கழிக்கிறார்கள். வேலையிடத்தில் சோப்பும் தண்ணீரும் கிடைக்காமல் அந்தக் கையாலேயே சாப்பிடுகிறார்கள். அவர்கள் வீட்டில் பூனை இருக்காது. பூனை இருக்கிறதா என்று மட்டும் கேட்டு முடித்துக்கொள்ளும் மருத்துவமனையில் அவர்களுக்குரிய கேள்வி கேட்கப்படுவதே இல்லை.

வளர்ப்புப் பூனையிடமிருந்து கர்ப்பிணிக்கு வரக்கூடிய மற்ற தொல்லைகளில் படர்தாமரையும் குடற்புழுவும் சிறியவை, எளிதில் மருத்துவம் செய்யக்கூடியவை. இந்தியாவில் சிறிதாக எண்ணக் கூடாத ஒன்று உண்டு: வெறிநோய். பூனைக்கும் அது வரும், அதன் கடியாலும் கீறலாலும் பரவும். ஆகவே வீட்டுப் பூனைக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். கடித்தாலோ தோல் கிழியும்படி பிறாண்டினாலோ, அந்த இடத்தை உடனே ஓடும் நீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அரசு மருத்துவமனைகளில் கடிபட்டவருக்கு வெறிநோய்த் தடுப்பூசி முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும் தோலினுள் போடப்படுகிறது; இரத்தம் கசிந்த காயமென்றால் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் மருந்தும் சேர்த்துத் தரப்படும். இவை இரண்டும் கர்ப்பிணிக்குப் பாதுகாப்பானவை. கருவுக்கு ஆகாது என்று அஞ்சியோ, பிரசவம் முடியட்டும் என்று காத்திருந்தோ இந்த ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது.